நாற்பத்திரண்டாவது பெயர்

வடமணல் துறைமுகத்துக்காகக் கடலுக்கு அடியில் தோண்டிக்கொண்டிருந்த சுரங்கத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது என்ற செய்தி வந்தபோது, இந்திராணி டிபன் பாக்ஸைத் திறந்து தயிர் சாதத்தில் கை வைத்திருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவள் மாலை ஆறு மணி வரை எழுந்திருக்கவில்லை.

அவளுக்கு எதிரே சுவர் முழுக்கப் பன்னிரண்டு திரைகள். நாட்டில் உரிமம் பெற்ற செய்தித் தளங்கள் பன்னிரண்டுதான். ஒரே சம்பவம் பன்னிரண்டு விதமாக வந்து விழுந்துகொண்டிருந்தது. ஒரு தளம் துறைமுக நிறுவனத்தின் அலட்சியம் என்றது. இன்னொன்று கடல் சீற்றம் என்றது. அதே தளம், நிறுவனத்தின் மீட்புக் குழு எவ்வளவு வேகமாக வந்தது என்பதையே நான்கு பத்திகள் எழுதியிருந்தது. மூன்றாவது, அண்டை நாட்டின் சதியா என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் நிறுத்திக்கொண்டது. வேறொன்றில் ஒரு ஜோதிடர் சுரங்க வேலை தொடங்கிய நாள் சரியில்லை என்று வருத்தப்பட்டார்.

இந்திராணி இவற்றைப் பார்த்துக் கோபப்படுவதில்லை. பத்தொன்பது வருடங்களாக இதுதான் வேலை. ஒப்புநோக்கு ஆணையத்தில் அவள் மூத்த ஒப்பாளர். பன்னிரண்டு தளங்களையும் 'தராசு' என்ற இயந்திரம் வரி வரியாகப் பிரித்து ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும். ஒன்பது தளங்களாவது ஒத்துச் சொல்லும் விஷயங்களை மட்டும் தனியே எடுத்துக் கொடுக்கும். அதற்குப் பெயர் பொதுப்பகுதி. ஒப்பாளர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டால், சட்டத்தின் கண்ணில் நடந்தது அதுதான். நீதிமன்றம், பள்ளிப் பாடநூல், மரணப் பதிவு எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரம்.

இப்படி ஒரு சட்டம் வந்ததற்குக் காரணம் இருந்தது. யாரும் யாரையும் எதுவும் செய்வதாகப் படம் தயாரித்துவிடலாம் என்று ஆனபிறகு, கண்ணால் பார்ப்பதை நம்புவதை மக்கள் விட்டுவிட்டார்கள். அல்லது எல்லாவற்றையும் நம்பினார்கள். இந்திராணியின் தம்பி கிருபாகரனை ஒரு சந்தையில் வைத்து அடித்துக் கொன்றவர்கள் நம்பியவர்கள். அவன் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதாக இருபது நொடிப் படம் ஒன்று வந்திருந்தது. அப்படி ஒரு குழந்தையே கிடையாது. படம் தயாரித்தவன் விளையாட்டுக்குச் செய்தேன் என்றான். அதுவரை ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்த இந்திராணி, ஆணையம் தொடங்கிய முதல் மாதமே வந்து சேர்ந்தாள். ஒருவன் சொன்னதற்காக இனி யாரும் சாகக்கூடாது என்று நினைத்தாள்.

அன்று மாலை தராசு எடுத்துக் கொடுத்த பொதுப்பகுதி சிறியது. 'வடமணல் கடலடிச் சுரங்கத்தில் காலை 11.20க்குத் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்த தொழிலாளர்களில் 41 பேர் இறந்தனர்.' கீழே நாற்பத்தொரு பெயர்கள். காரணத்தில் எந்த இரண்டு தளங்களும் ஒத்துப்போகவில்லை. எண்ணிக்கையில் பன்னிரண்டும் ஒத்துப்போயின. இந்திராணி ஒவ்வொரு பெயரையும் மெதுவாகப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள்.

பதினோராம் நாள், மனு வாங்கும் ஜன்னலில் யாரோ ஒரு பெண் காலையிலிருந்து நகர மாட்டேன் என்கிறாள் என்று சொன்னார்கள். இந்திராணி போய்ப் பார்த்தாள். முப்பது வயது இருக்கும். விரல்களில் எல்லாம் சின்னச் சின்ன வெட்டுக்காயங்கள்.

"மேடம், லிஸ்டுல ஒரு பேரு வுட்டுப்போச்சு" என்றாள் அந்தப் பெண்.

அவள் பெயர் அஞ்சலாட்சி. வடமணலில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. புருஷன் பொன்னுரங்கம், சுரங்கத்தில் பம்பு ஓட்டுபவர்.

"அன்னிக்கு அவருக்கு வார லீவு மேடம். கூட வேலை செய்யறவரு ராயப்பன்னு ஒருத்தரு. அவரு பொண்ணுக்குக் காது குத்தறாங்க. கான்ட்ராக்டரு லீவு தர மாட்டேன்னுட்டாரு. 'உன் கார்டைக் குடு, உனக்குப் பதிலா நான் போறேன்'னு இவருதான் வாங்கிட்டுப் போனாரு. அதெல்லாம் அங்க வழக்கந்தான். கார்டு போனா கேட்டு தொறக்கும், ஆளை யாரு பாக்கறாங்க?"

"அப்படின்னா உள்ளே போனவர் ராயப்பன்னுதானே பதிவாகியிருக்கும்?"

"ஆமா மேடம். ராயப்பன் உசுரோட வூட்டுல இருக்காரு இல்ல? அதனால அவரு தப்பிச்சு வந்துட்டதா கம்பெனில எழுதிக்கினாங்க. எங்க வூட்டுக்காரரு உள்ளயே போவல, வெளியவும் வரல. எங்கயுமே இல்ல."

இந்திராணி அவளை உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அஞ்சலாட்சி குடிக்கவில்லை; டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"வடமணல் ஆஸ்பத்திரில ஒரு ஒடம்பு இருக்கு. நாப்பத்தோரு பேரையும் குடுத்துட்டாங்க. ஒண்ணு மட்டும் மிச்சம். மொகம் தெரியல மேடம், தண்ணில ஊறிப்போச்சு. ஆனா எடது காலுல சுண்டுவெரல் இல்ல. அவருக்கும் இல்ல. சின்னப் புள்ளைல வண்டிச் சக்கரம் ஏறினது. நான் பாத்தேன். அவருதான்."

"மரபணுச் சோதனை செய்யச் சொல்லிக் கேட்டீங்களா?"

"கேட்டேன். அதுக்கு ஆர்டர் வேணுமாம். ஆர்டர் வேணும்னா அவரு அங்க இருந்தாருன்னு உங்க கணக்குல இருக்கணுமாம். உங்க கணக்குல நாப்பத்தொண்ணுதானாம். மிச்சம் இருக்கறது எங்கயோ கடல்ல செத்து அடிச்சிக்கினு வந்த ஒடம்பா இருக்கும்னு சொல்றாங்க. முப்பது நாளு வெச்சிருப்பாங்களாம். அப்பறம் ஒரு நம்பரு போட்டு அவங்களே பொதைச்சிருவாங்களாம்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் வேற எதுவுமே கேக்கல மேடம். அவரை எங்கையில குடுத்தாப் போதும்."

இந்திராணி அன்றே தளங்களின் ஆசிரியர்களுக்குப் பேசினாள். நான்கு பேர் எடுத்தார்கள். அவர்களில் கொஞ்சம் நெருக்கமான ஒருவர் பொறுமையாக விளக்கினார்.

"மேடம், நாற்பத்தொண்ணுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப நான் நாற்பத்திரண்டுன்னு போட்டா, பொதுப்பகுதிக்கு முரணா எழுதினேன்னு தராசு எங்க தளத்துக்குச் சிவப்புக் குறி வைக்கும். மூணு குறி விழுந்தா உரிமம் போயிடும். ஒரே ஒரு ஆளுக்காக எப்படி மேடம்?"

அவள் தன் இயக்குநர் ஜெயசீலனிடம் போனாள். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த மனிதர். அதிர்ந்து பேச மாட்டார்.

"திருத்தணும்னா குறைஞ்சது ஒன்பது தளம் சொல்லணும், இந்திராணி. நாமளா எதையும் எழுத முடியாது. எழுதினா நமக்கும் அந்தப் படம் தயாரிச்சவனுக்கும் என்ன வித்தியாசம்?"

"தளங்கள் சொன்னா நாம எழுதுவோம். நாம எழுதினாத்தான் தளங்கள் சொல்லும். அப்படின்னா முதல்ல யார்தான் சார் சொல்றது?"

 ஜெயசீலன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த நாற்பத்தொண்ணை முதல்ல சொன்னது யாருன்னாவது பார்த்தியா?" என்றார்.

அவள் பார்த்திருக்கவில்லை. அதைப் பார்ப்பது ஒப்பாளரின் வேலையில் சேர்த்தி இல்லை. திரும்பி வந்து பன்னிரண்டு தளங்களின் முதல் செய்திகளையும் வரிசையாக வைத்துப் படித்தாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டும் அந்த எண்ணை ஒரே இடத்திலிருந்து எடுத்திருந்தன. தண்ணீர் புகுந்து நான்கு மணி நேரத்தில் துறைமுக நிறுவனம் அனுப்பிய அறிக்கை அது. கேட்டில் பதிவான கார்டுகளை எண்ணி, உயிரோடு இருப்பவர்களைக் கழித்து, யாரோ ஒரு குமாஸ்தா தட்டச்சு செய்தது. நிறுவனத்தைத் திட்டிய தளமும் அதையே எடுத்துக்கொண்டுதான் திட்டியிருந்தது. பன்னிரண்டு சாட்சிகள் என்று அவள் நம்பியது ஒரே ஒரு சாட்சி. பத்தொன்பது வருடங்களில் எத்தனை முறை இப்படி நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க முயன்றாள். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வடமணலுக்குப் போனாள். ராயப்பன் வீட்டு வாசலிலேயே நின்று பேசினான். உள்ளே கூப்பிடவில்லை.

"கார்டு மாத்தினது வெளிய வந்தா ரெண்டு வருஷம் ஜெயிலு மேடம். கான்ட்ராக்டரு ஏற்கனவே வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு. தப்பிச்சு வந்தவன்னு எழுதியாச்சு, வாயைத் தொறக்காதேன்னு."

"அவர் உனக்காகத்தானேப்பா போனார்?"

அவன் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெரிய உடம்புக்காரன், சத்தமே வராமல் அழுதான்.

"எம் பொண்ணு காதுல கம்மலைப் பாக்க முடியல மேடம். கழட்டி வெச்சுட்டேன். துளை தூந்துபோயிடும்னு எம் பொண்டாட்டி சண்டை போடறா."

ஆனாலும் சாட்சி சொல்ல மாட்டேன் என்றான். இந்திராணியால் அவனை வற்புறுத்த முடியவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் அஞ்சலாட்சி காத்திருந்தாள். ஏழு வயது மகள் நிறைமதியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். இந்திராணி எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் பூசி மெழுகவில்லை. பதினேழு நாட்கள் போய்விட்டன.

"அப்ப வழியே இல்லையா மேடம்?"

"இருக்கிற எண்ணிக்கை தப்புன்னு சொன்னா எந்தத் தளமும் தொடாது. நாற்பத்தொரு தொழிலாளர்கள்னு பொதுப்பகுதில இருக்கு. அதுக்கு முரணில்லாம, வேற ஏதாவது புதுத் தகவலா இருந்தாத்தான்..." இந்திராணி தனக்குத்தானே யோசிப்பதுபோலப் பேசிக்கொண்டே போனாள். "அன்னிக்கு வேலைக்குன்னு போகாத யாரோ ஒருத்தர் உள்ளே இருந்தார்னா அது முரண் ஆகாது. அப்பவும் சும்மா செத்துட்டார்னு போட மாட்டாங்க. படிக்கிறதுக்கு அதுல ஏதாவது இருக்கணும். இப்ப எல்லாத் தளத்துக்கும் இந்தச் செய்தி சலிச்சுப்போச்சு."

"வேலை செய்யாதவரு உள்ள எதுக்கு மேடம் போவாரு?"

"அதான்" என்றாள் இந்திராணி. பேருந்து வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தபோது அஞ்சலாட்சி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

இருபத்தோராம் நாள் காலை பத்தரை மணிக்கு முதல் தளத்தில் செய்தி வந்தது. பதினொன்றுக்குள் ஏழு தளங்கள். மதியத்துக்குள் பன்னிரண்டும்.

இந்திராணி ஒவ்வொன்றாகப் படித்தாள். 'சுரங்கத்துக்குள் திருடன்: பாதுகாப்பில் ஓட்டை' என்றது நிறுவனத்தைத் திட்டும் தளம். நிறுவனத்துக்கு வேண்டிய தளம், செம்புக் கம்பித் திருடர்களால் துறைமுகம் படும் பாட்டைப் பட்டியலிட்டது. மூன்றாவது தளம் அவன் பின்னால் ஒரு கும்பலே இருக்கலாம் என்றது. நான்காவது, வறுமை ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய்விடுகிறது என்று உருகியது. அதில் அவன் வீட்டுக் கூரையின் படம் இருந்தது. இன்னொன்று அவன் குடித்திருந்தான் என்றது. வேறொன்று கம்பி வெட்டும்போதுதான் தண்ணீர் வந்ததோ என்று சந்தேகப்பட்டது. வேடிக்கைச் செய்திகள் போடும் தளமோ, திருடப் போன இடத்தில் ஜலசமாதி என்று தலைப்புக் கொடுத்திருந்தது. எல்லாவற்றிலும் ஒரே பேட்டி: 'என் கணவர் அடிக்கடி ராத்திரியில் செம்புக் கம்பி கொண்டுவருவார். அன்றைக்குப் பகலிலேயே போனார். திரும்பி வரவில்லை என்று கண்ணீருடன் ஒப்புக்கொண்டார் மனைவி அஞ்சலாட்சி.'

தராசு ஐந்து நிமிடங்களில் பொதுப்பகுதியை எடுத்துக் கொடுத்தது. 'செம்புக் கம்பி திருடுவதற்காக அனுமதியின்றிச் சுரங்கத்துக்குள் சென்ற பொன்னரங்கம் (34) என்பவரும் இச்சம்பவத்தில் இறந்தார்.' ஒத்துச் சொன்ன தளங்கள்: பன்னிரண்டு.

பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்ததை இந்திராணி உடனே கவனித்தாள். நிருபர் காதில் தவறாக விழுந்திருக்கும், மற்றவர்கள் அப்படியே எடுத்திருப்பார்கள் என்று நினைத்தாள். அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை. அஞ்சலாட்சிக்குப் பேசினாள்.

"நீங்கதான் சொன்னீங்களா?"

"ஆமா மேடம்."

"ஏன் இப்படிச் செஞ்சீங்க? அவர் திருடரா?"

"ஒரு தீப்பெட்டி கூட அடுத்தவங்களுதுன்னா தொட மாட்டாரு." மூக்கைச் சிந்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.  "நீங்க சொன்னீங்க இல்ல மேடம், வேலை செய்யாதவரா இருந்தா எழுதுவாங்கன்னு. மூணு நாளு யோசிச்சேன். வேற எதுவும் தோணல. நிருபரு ஒருத்தரு வந்தாரு. நான் சொல்லச் சொல்ல அவரு மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம். மேடம், கையெழுத்துப் போடாம வுட்டுறாதீங்க. இன்னும் ஒம்போது நாளுதான் இருக்கு."

இந்திராணி ஜெயசீலன் அறைக்குப் போய் நின்றாள். அவர் ஏற்கனவே படித்திருந்தார்.

"நிறுவனமும் ஒத்துக்கிட்டு அறிக்கை விட்டுட்டாங்க. சந்தோஷமாவே ஒத்துக்கிட்டாங்க. அன்னிக்கு அவங்க கணக்குல வேலையில இருந்தவர் இல்லையே, நஷ்டஈடு தர வேண்டாம்" என்றார்.

"இது பொய் சார். எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். ஆனா நாற்பத்தொண்ணும் பொய்தானே? அதுக்குக் கையெழுத்துப் போட்டப்ப உனக்குத் தெரியாது, அவ்வளவுதான்." பேனாவை எடுத்துக்கொண்டு, "நீ போட வேண்டாம். நான் போடறேன். நீ லீவு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ" என்றார்.

இந்திராணி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கிருபாகரனை நினைத்துக்கொண்டாள். அவன் செய்யாத ஒன்றைச் செய்தான் என்று சொன்னதால் அவன் செத்தான். இங்கே ஒருவன் செத்துப் போயிருக்கிறான். செய்யாத ஒன்றைச் செய்தான் என்று சொன்னால்தான் செத்ததாகவே ஆகும். பேருந்து நிறுத்தத்தில் தன் வாயிலிருந்துதான் அந்த வழி வந்தது என்பதை அவள் மறக்கவில்லை. அதனால் ஜெயசீலனிடம் விடவில்லை. தானே கையெழுத்திட்டாள்.

மறுநாளே சோதனைக்கு ஆணை கிடைத்தது. நிறைமதியின் ரத்தத்தோடு ஒத்துப்போயிற்று. இருபத்தேழாம் நாள் உடலைக் கொடுத்தார்கள். மருத்துவமனை எழுத்தர் படிவத்தைப் பார்த்து, பெயரில் ஏதோ எழுத்து இடிக்கிறதே என்றார். பிறகு பரவாயில்லை என்று முத்திரை குத்தினார். அந்தப் படிவங்கள் கையால் எழுதப்படுபவை. தராசுக்கு வருவதில்லை.

இந்திராணி விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். அஞ்சலாட்சியின் தெருவில் ஒரு வீட்டில்கூடக் கதவு திறந்திருக்கவில்லை. நாற்பத்தொரு பேரில் ஆறு பேர் அந்த வட்டாரத்தவர்கள். அவர்களுக்கு ஊரே திரண்டு வந்திருந்தது, கடைகளை அடைத்திருந்தார்கள். பொன்னுரங்கத்தின் வண்டி கிளம்பியபோது ஒரு மாடியிலிருந்து யாரோ, "எங்க புள்ளைங்க செத்த எடத்துல திருடப் போனவனுக்கு மாலை ஒரு கேடா?" என்று கத்தினார்கள். அஞ்சலாட்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்து, காதைப் பொத்திக்கொண்டாள்.

இடுகாட்டில் ஏழு பேர் இருந்தார்கள். குழி வெட்டுபவர்கள் இருவர், வண்டிக்காரர், அஞ்சலாட்சியின் அண்ணன், இந்திராணி, தாயும் மகளும். கொஞ்ச நேரம் கழித்து ராயப்பன் வந்தான். தூரத்தில் வேலியோரம் நின்றான். மண் தள்ளும் நேரத்தில் விறுவிறுவென்று வந்து, குழி வெட்டுபவரிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். கடைசி வரை அவனே தள்ளினான். அஞ்சலாட்சி அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைத் தடுக்கவும் இல்லை.

எல்லாம் முடிந்தபின், கைகால் கழுவும் குழாயடியில் அஞ்சலாட்சி இந்திராணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாப்பாவை ஸ்கூலுல கேக்கறாங்களாம் அக்கா, உங்கப்பா திருடனான்னு" என்றாள். மேடம் என்று கூப்பிட்டவள் அன்றுதான் முதல்முறையாக அக்கா என்றாள்.

"என்ன சொன்னா?"

"எங்கப்பா பேரு பொன்னுரங்கம், அது வேற ஆளுன்னு சொல்லிட்டாளாம். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

இந்திராணி திரும்பிப் பார்த்தாள்.

"அந்த நிருபரு பேரு கேட்டப்ப வாய் வரைக்கும் வந்துடுச்சு அக்கா. திருடன்னு சொல்லியாச்சு. அதை அவரு பேருல சொல்ல மட்டும் மனசு வரல. பொன்னரங்கம்னு சொன்னேன். ரொம்ப மாத்தினா ஒடம்பைக் குடுக்க மாட்டாங்களோன்னு பயம். அதான் ஒரே ஒரு எழுத்து." அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "திருடப் போனவன் யாரோ பொன்னரங்கம். எங்க வூட்டுக்காரரு இல்ல. எனக்கு அது போதும்."

 இந்திராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இறால் முள் கிழித்த அந்த விரல்கள் சொரசொரவென்று இருந்தன.

இரண்டு மாதங்கள் கழித்து, சம்பவத்தை மூடும் முன் செய்யும் கடைசிச் சரிபார்ப்பில், தராசு ஒரே ஒரு கேள்வி எழுப்பியது. மரணப் பதிவில் உள்ள பொன்னரங்கம் என்ற பெயருக்குப் பிறப்புப் பதிவு எதுவும் இல்லை. அதே வயதில், அதே தெருவில், பொன்னுரங்கம் என்று ஒருவர் இருக்கிறார். எழுத்துப் பிழையாக இருக்கலாம். இருவரும் ஒரே நபரா? ஒப்பாளர் உறுதி செய்யவும்.

ஆம் என்று ஒரு சொல் போதும். பொன்னுரங்கம் என்ற பெயர் அந்தத் திருட்டு வரிக்குள் போய் உட்கார்ந்துவிடும். பாடநூலில் அந்தச் சம்பவம் சேரும்போது அதுவும் சேரும். நிறைமதி ஒன்பதாம் வகுப்பில் அதைப் படிப்பாள். இல்லை என்று எழுதினால், பிறக்கவே பிறக்காத ஒருவன் சுரங்கத்தில் செத்ததாகவும், செத்துப்போன ஒருவர் உயிரோடு இருப்பதாகவும் ஆகும். அஞ்சலாட்சி சட்டப்படி விதவைகூட ஆகமாட்டாள்.

இந்திராணி தொலைபேசியை எடுத்து அஞ்சலாட்சியிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். என்னென்ன கிடைக்காமல் போகும் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மறுமுனையில் இறால் கம்பெனியின் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்படியே இருக்கட்டும் அக்கா" என்றாள் அஞ்சலாட்சி.

பத்தொன்பது வருடங்களில் இந்திராணி ஒரு புள்ளிப் பிழையைக்கூடத் திருத்தாமல் விட்டதில்லை. 'ஒரே நபர் அல்லர். திருத்தம் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அதே வாரம் விருப்ப ஓய்வுக்கும் எழுதிக் கொடுத்தாள். ஜெயசீலன் காரணம் கேட்கவில்லை.

அடுத்த வருடம் சித்திரையில் ஒரு நாள் அஞ்சலாட்சி கூப்பிட்டாள். நிறைமதி நன்றாகப் படிக்கிறாள், வேறு தெருவுக்கு வீடு மாறிவிட்டோம், ராயப்பன் மகள் மறுபடி கம்மல் போட ஆரம்பித்துவிட்டாளாம் என்று என்னென்னவோ பேசினாள். போனை வைக்கப்போகும் சமயத்தில் நிறுத்தினாள்.

"தேர்தல் சீட்டு குடுக்க வந்தாங்க அக்கா. அவரு பேருல வந்திருக்கு. போட்டோ எல்லாம் போட்டு. கல்யாணத்தப்ப எடுத்த போட்டோ, சிரிச்சிக்கினு இருக்காரு. ஆளு எங்கம்மான்னு கேட்டாரு அந்த ஆபீசரு."

"நீ என்ன சொன்னே?"

"வேலைக்குப் போயிருக்காருன்னு சொன்னேன்" என்றாள் அஞ்சலாட்சி. "சீட்டை வாங்கி வெச்சிருக்கேன்."